உங்களுக்குத் தெரியுமா? உத்திரமேரூர் கொல்லையே கினிப் பன்றிக்கு விளையாட்டுத் திடல்!

கினிப் பன்றி வளர்க்கிறீர்களா? கூண்டு, தண்ணீர், ஒரு பிடி புல் போதும் என்றா நினைத்தீர்கள்? போதவே போதாது! ஓட இடம் வேண்டும். ஒளிய இடம் வேண்டும். கடிக்க ஏதாவது வேண்டும். அத்தனையும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது! அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், பிடியுங்கள்!

★ சந்தோஷம் தலைக்கேறினால் கினிப் பன்றி நின்ற இடத்திலேயே துள்ளும்! நாலு காலும் தரையை விட்டு எழும்பும். காற்றிலேயே உடம்பை முறுக்கும். வளர்ப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பாப்கார்ன்!

★ பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்கும். உடம்பெல்லாம் முடி இருக்கும். வாயில் பல்லும் இருக்கும்! சில மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். சுண்டெலி தாய் வயிற்றில் இருப்பது சுமார் 20 நாள். கினிப் பன்றி இருப்பதோ 59 முதல் 72 நாள்!

★ உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921. குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள், 30. பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள்ளே!

★ அந்தக் குடவோலையையே விளையாட்டாக்குங்கள்! வாய் அகன்ற மண்பானையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உருளாமல் இருபுறமும் கல் கொடுங்கள். உள்ளே புல்லைத் திணித்து, நடுவில் கொத்தமல்லித் தழையை ஒளித்து வையுங்கள். தலையை நுழைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் போடும். ஓலை எடுக்கிற வேலை இப்போது உங்கள் கினிப் பன்றிக்கு!

★ மளிகைக்கடை அட்டைப் பெட்டியை எறியாதீர்கள்! கவிழ்த்து வாசல் வெட்டினால் வீடு தயார். ஆனால் ஒரு வாசல் ஆபத்து. உள்ளே ஒன்று மாட்டிக்கொள்ளும், வெளியே நிற்பது மிரட்டும். எப்போதும் 2 வாசல்! ஒரு பிராணிக்கு ஒரு வீடு!

★ காஞ்சிபுரம் துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழல் இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கி வாருங்கள். துண்டு போட்டு, உள்ளே புல் அடைத்துப் போடுங்கள். இழுத்து இழுத்துத் தின்னும். குழலை நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். தலை மாட்டாது!

★ பழைய வேட்டி இருக்கிறதா? பட்டை பட்டையாகக் கிழித்துக் கூண்டின் மூலையில் தோரணமாகத் தொங்கவிடுங்கள். அதற்குள் புகுந்து புகுந்து வரும். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்த நூல் காலில் சுற்றினால் ரத்த ஓட்டமே நிற்கும். ஜரிகைத் துணி கிட்டவே வரக்கூடாது!

★ காகித முட்டை அட்டையின் குழிகளில் ஒவ்வோர் இலை. மேலே கொஞ்சம் புல். இனி தேடித் தேடித்தான் சாப்பாடு! தட்டில் வைத்தால் சில நிமிடத்தில் காலி. ஒளித்து வைத்தால் தேடலே பொழுதுபோக்கு!

★ கொத்தமல்லிக் கட்டை அதன் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். எட்டிக் கடிக்கும், ஆடும், மறுபடி எட்டும். காசில்லாத உடற்பயிற்சி!

★ கினிப் பன்றிக்குப் பற்கள் 20. இருபதும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்! தேயாவிட்டால் சாப்பிடவே முடியாது. கொய்யாக் குச்சியைக் கழுவிப் போடுங்கள். தோலை உரித்து உரித்துக் கடிக்கும். பற்களைத் தேய்ப்பதில் முதல் மருந்து மட்டும் புல்தான்!

★ சுற்றுகிற சக்கரம், உருளுகிற பிளாஸ்டிக் பந்து... கடையில் கண்ணைப் பறிக்கும். வாங்கவே வாங்காதீர்கள்! கினிப் பன்றியின் முதுகெலும்பு அதற்கேற்றபடி வளையாது. முதுகும் காலும் அடிபடும். எலி வகைக்கெல்லாம் ஒரே பொம்மை என்பது தப்புக் கணக்கு!

★ மாடி வைத்த கூண்டும் வீண் செலவு! இது ஓடுகிற பிராணி, ஏறுகிற பிராணி இல்லை. இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடித் தரை வேண்டும். நேர்கோட்டில் ஓடித் திரும்பினால்தான் அதற்கு ஓட்டம்!

★ முன்னங்காலில் 4 விரல். பின்னங்காலில் 3 விரல். மொத்தம் 14! கம்பி வலைத் தரையில் விட்டால் இந்தப் பிஞ்சுப் பாதம் புண்ணாகிவிடும். பழைய பருத்தித் துண்டை விரியுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள்.

★ நகர முடியாத சின்னக் கூண்டில் பிராணியை அடைப்பது சட்டப்படி குற்றம்! மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் யார்? கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்! மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து போராடியவர். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே!

★ தலையைத் திருப்பாமலே கினிப் பன்றி பார்க்கும் கோணம் சுமார் 340 டிகிரி! பின்னால் வருவதுகூடத் தெரியும். மேலிருந்து கை வந்தால் பருந்து என்று உறைந்து நிற்கும். தூக்குவதென்றால் பக்கவாட்டில் கை நீட்டுங்கள்.

★ நீலம் தெரியும். பச்சை தெரியும். சிவப்பு? பிரித்துப் பார்க்கவே தெரியாது! சிவப்புப் பொம்மை உங்கள் கண்ணுக்குத்தான் விருந்து.

★ மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கினிப் பன்றிக்கு 50 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும்! தீபாவளிக்குக் கூண்டை உள் அறைக்கு மாற்றுங்கள். பெட்டி நிறையப் புல் போட்டுவிடுங்கள். அதற்குள் புதைந்துகொள்ளும்.

★ பிரிட்ஜ் கதவு திறந்தால் ‘வீக் வீக்’ என்று ஊரைக் கூட்டும்! கீரைப் பை சரசரத்தாலும் அதே கச்சேரி. எந்தச் சத்தத்துக்குப் பிறகு சாப்பாடு வரும் என்பது அதற்கு மனப்பாடம்!

★ வீட்டில் வளர்ந்தது மந்த புத்தியா? 2010-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வழி கண்டுபிடிக்கும் போட்டி. ஒரு பக்கம் காட்டு இனம், மறு பக்கம் வளர்ப்பு கினிப் பன்றி. ஜெயித்தது வளர்ப்புதான்!

★ அந்த மூளைக்குப் பாடம் நடத்துங்கள்! ஒரு குச்சியை நீட்டுங்கள். நுனியை மூக்கால் தொட்டால் உடனே ஓர் இலை. பிறகு குச்சியை நகர்த்தினால் பின்னாலேயே வரும். பெட்டியைச் சுற்றும், குழலுக்குள் நுழையும். ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும்!

★ சுவிட்சர்லாந்தில் ஒற்றைக் கினிப் பன்றியை வளர்ப்பது சட்ட விரோதம்! 2008-ல் வந்த விதி. இரண்டில் ஒன்று இறந்துவிட்டால்? மீதிக்குத் துணையாக வாடகைக்கு ஒன்று கொடுத்தவர்கள்கூட அங்கே இருக்கிறார்கள்!

★ பழகிய துணை பக்கத்தில் இருந்தால் புது இடத்தில்கூட அதன் மன அழுத்த ஹார்மோன் அவ்வளவு ஏறாது. அளந்தே பார்த்திருக்கிறார்கள்! எத்தனை பொம்மை வாங்கினாலும் துணைக்கு ஈடில்லை.

★ சலிப்பு வந்தால் தன் முடியையே கடித்துத் தின்னும்! பக்கத்தில் இருப்பதன் முடியையும் விடாது. சொட்டை சொட்டையாகத் தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் நோய் இல்லையென்றால் மருந்து ஒன்றுதான். விளையாட்டு!

★ ஜோடி என்றதும் ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கிவிடாதீர்கள்! ஆண் குட்டியை 3 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். ஈன்ற சில மணி நேரத்தில் தாய் மறுபடி சினையாகலாம். இரண்டு பெண்கள்தான் நிம்மதி!

★ முயலோடு ஒரே கூண்டில் விடுகிறீர்களா? நிறுத்துங்கள்! முயல் ஓர் உதை விட்டால் எலும்பு முறியும். முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி கினிப் பன்றிக்கு நிமோனியா கொண்டுவரும்!

★ கத்திரி வெயிலில் காஞ்சிபுரம் மாவட்டம் 40 டிகிரியைத் தொடும். கினிப் பன்றிக்கு 30 தாண்டினாலே ஆபத்து! மண்பானையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கவிழ்த்து வாசல் விடுங்கள். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் போடுங்கள். ஒட்டிப் படுத்துக்கொள்ளும்!

★ வாசலில் மேய விட்டால் வானத்தில் பருந்து. வேலியில் கீரி. மதில்மேல் பூனை. மூடிய வலைக்கூண்டுக்குள் மட்டும் மேய்ச்சல். ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்!

★ ஏரிக்கரை அருகம்புல் அதற்கு அமுதம்! வைக்கோலில் சத்து போதாது. பூச்சி மருந்து அடித்த வரப்புப் புல்லைத் தொடவே தொடாதீர்கள்.

★ மனிதரைப் போலவே கினிப் பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்கத் தெரியாது! 1907-ல் நார்வேயில் வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் வந்துவிட்டது. வைட்டமின் ஆராய்ச்சிக்கே அது திருப்பம்!

★ ஆரஞ்சு பெரிதா, கொய்யா பெரிதா? 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி 50 மில்லிகிராமை ஒட்டி. கொய்யாவில் 200-க்கு மேல்! ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். 10 கிராம் கொய்யாத் துண்டிலேயே 20 வந்துவிடும். சர்க்கரை இருப்பதால் வாரம் இரண்டு நாள் போதும். தினப்படிக்குக் குடைமிளகாய்!

★ முருங்கைக்கீரை நல்லதுதான். தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கூடிச் சிறுநீர்ப்பையில் கல்! எப்போதாவது நாலு இலை. சோறு, இட்லி, தயிர், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு? கூடவே கூடாது!

★ தன் புழுக்கையில் ஒரு வகையைத் தானே தின்னும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள்! முதல் சுற்றில் கிடைக்காத சத்து இரண்டாம் சுற்றில் கிடைக்கிறது.

★ கோடிக்கணக்கான மனிதர்களைக் காப்பாற்றிய பெனிசிலின், கினிப் பன்றியைக் கொல்லும்! 1943-லேயே தெரிந்துவிட்டது. குடலில் நல்ல கிருமிகள் செத்துவிடும். 1940-ல் ஆக்ஸ்போர்டில் முதலில் சோதித்தது 8 சுண்டெலிகளில். உலகத்தின் அதிர்ஷ்டம்! வீட்டில் இருக்கும் அதே வகை அமாக்சிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

★ ஆண்டீஸ் மலைக்காரர்கள் இதைப் பழக்கி ஏறத்தாழ 7000 ஆண்டுகள்! இங்கிலாந்தில் சுமார் 1580-ல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. சிறுமியின் கையில் கினிப் பன்றி. செல்லப் பிராணி வேலையில் 400 ஆண்டுக்கு மேல் சர்வீஸ்!

★ யூரி ககாரினுக்கு முன்பே விண்வெளி போய்த் திரும்பியது ஒரு கினிப் பன்றி! 1961 மார்ச் 9, ஸ்புட்னிக் 9. கூடவே ஒரு நாய், சுண்டெலிகள். ககாரின் போனது ஏப்ரல் 12. அவரை முந்தியது 34 நாள்!

★ ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ஒரு முறை பொம்மைகளைக் கொடுத்தார்கள், ஒரு முறை கினிப் பன்றிகளைக் கொடுத்தார்கள். கினிப் பன்றி இருந்தபோது அதிகம் பேசினார்கள், அதிகம் சிரித்தார்கள்! ஆஸ்திரேலியாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு.

★ வழக்கமான ஆயுள் 5 முதல் 8 ஆண்டு. இங்கிலாந்தில் ஸ்னோபால் என்ற கினிப் பன்றி வாழ்ந்ததோ 14 ஆண்டு பத்தரை மாதம்! கின்னஸ் சாதனை!

★ நோய் வந்தால் சொல்லாது, மறைக்கும்! அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பெரிய சிக்கல் என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903 முதல்! சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை குறைவதுதான் முதல் எச்சரிக்கை!

வாங்குவதென்றால் இரண்டாக வாங்குங்கள். சக்கரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் கூண்டைப் பெரிதாக்குங்கள். இன்று மாலையே ஓர் அட்டைப் பெட்டியில் 2 வாசல் வெட்டி உள்ளே வையுங்கள், துள்ளலை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்!