உப்புக்கு அடியில் என்ன இருக்கு?

கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுவதை, டாக்டர் வயிற்றில் ஸ்கேன் எடுப்பதோடு ஒப்பிடுவார்கள். பாதி சரி. ஒலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைப் பதிவு செய்கிறார்கள். ஆனா அந்த நேரத்தை ஆழமா மாத்தணும்னா வழியில் ஒலியின் வேகம் தெரியணும். சிக்கலே அங்கேதான்.

மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் அட்லாண்டிஸ் வயலில், எண்ணெய்ப் பாறையின் ஒரு பகுதி தடித்த உப்புக்கு அடியில் கிடக்கிறது. உப்பில் ஒலி நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் ஓடும். சுற்றியுள்ள வண்டலில் அதைவிட மெதுவாக. உப்பின் எல்லையைக் கொஞ்சம் தப்பாக வரைந்தாலும், கீழே உள்ள அடுக்கு இடம் மாறித் தெரியும். அதை நம்பித் துளை போட்டால் பல கோடி டாலர் காலி.

தீர்வு நம்ம ஆட்களுக்குப் பழகினதுதான். பூமிக்கு ஒரு மாதிரியை யூகித்து, கணினியில் அலையை ஓட்டி, உண்மைப் பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்படி திருத்தி, மறுபடி ஓட்டணும். டாரன்டோலா இதை 1984-லேயே எழுதிவிட்டார். கணினிகள்தான் மெதுவாக வந்து சேர்ந்தன.

2017-ல் பிபி, இந்த முறையால் அட்லாண்டிஸில் 20 கோடி பீப்பாய் கூடுதல் வளம் தெரிந்ததாக அறிவித்தது. (நிறுவனமே சொன்ன கணக்கு என்பது ஞாபகம் இருக்கட்டும்.) 2019-ல் 130 கோடி டாலரில் 8 புதிய கிணறுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. புது மேடை கட்டவில்லை. 2007 முதல் எண்ணெய் எடுக்கும் பழைய மேடையோடவே இணைப்பு. தெளிவான படத்துக்குப் பழைய வயலில் மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.