வெளிச்சம் தள்ளும் காற்று

தம்பி தங்கைகளே, வெளிச்சத்துக்குத் தள்ளும் சக்தி உண்டு என்றால் நம்புவீர்களா? டார்ச் விளக்கை முகத்தில் அடித்தால் கண் கூசும். யாரும் பின்னால் சாய்வதில்லை. அந்தத் தள்ளல் அவ்வளவு மெலிசு. ஆனால் சூரியனைவிடப் பல லட்சம் மடங்கு வெளிச்சமுள்ள நட்சத்திரத்தில் அது பெரும் சூறைக்காற்றையே கிளப்பிவிடும்.

தென்வானத்தில் நாவோஸ் என்றொரு நட்சத்திரம் இருக்கிறது. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 40,000 டிகிரி வெப்பம். நம் சூரியனுக்கு 5,500 டிகிரிதான். நாவோஸின் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. கரி, நைட்ரஜன், இரும்பு அணுக்கள் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளப்படுகின்றன. போகிற போக்கில் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. வேகம்? நொடிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர்! சூரியனும் காற்று விடுகிறது, ஆனால் மிகக் கொஞ்சம். நாவோஸோ வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பூமியின் எடையுள்ள வாயுவை விண்வெளியில் கொட்டிவிடுகிறது.

இந்தக் காற்று சீராக வீசுவதில்லை. வேகமாக வரும் வாயு, முன்னால் மெதுவாகப் போகும் வாயுவின் மேல் மோதும். மோதிய இடத்தில் வெப்பம் சில பத்து லட்சம் டிகிரிக்கு ஏறும். அவ்வளவு சூடான வாயு எக்ஸ்-கதிர்களாக ஒளிரும். கை உடைந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்களே, அதே எக்ஸ்-ரேதான்.

பெரிய நட்சத்திரங்கள் எக்ஸ்-கதிர் வீசுவதை 1978-இல் விண்ணுக்குப் போன ஐன்ஸ்டைன் தொலைநோக்கி கண்டுபிடித்தது. தரையிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. நம் காற்றுமண்டலம் அந்தக் கதிர்களை வரும் வழியிலேயே விழுங்கிவிடும். விண்வெளிக்குப் போனாலும் சாதாரணக் கண்ணாடி உதவாது. நேராக விழும் எக்ஸ்-கதிர் அதற்குள் புகுந்துவிடும். குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமல்லவா? அதுபோல, உரசினாற்போலச் சாய்வாக விழுந்தால்தான் எக்ஸ்-கதிர் தெறித்துத் திரும்பும். அதனால் இந்தத் தொலைநோக்கிகளின் கண்ணாடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்போல இருக்கும்.

1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அப்படிப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

சந்திரா நாவோஸைப் பார்த்தபோது நடந்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நட்சத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று வீசுகிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் கதிர்களுக்கு அலைநீளம் கொஞ்சம் குறைவு. நம்மைவிட்டு விலகும் வாயுவின் கதிர்களுக்கு அதிகம். இந்த இரண்டு வகைக் கதிர்களும் சம அளவில் வரவேண்டும். ஆனால் விலகும் பக்கத்துக் கதிர்கள் குறைந்திருந்தன. காரணம், அவை பின்பக்கத்திலிருந்து முழுக் காற்றையும் கடந்து நம்மிடம் வரவேண்டும். வழியில் ஒரு பகுதியைக் காற்றே பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், காற்று எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துவிடும்!

கணக்குப் போட்டால், முன்பு நினைத்ததில் பாதிக்கும் குறைவாகவே வாயு வெளியேறுகிறது. கட்டி கட்டியாக இருக்கும் வாயு, சீராகப் பரவிய வாயுவைவிட அதிகம் ஒளிரும். பழைய முறையில் அந்த ஒளியை மட்டும் அளந்ததால், வாயு நிறைய இருப்பதாகத் தோன்றியிருக்கிறது.

இது வெறும் எடைக் கணக்கு அல்ல. வாழ்நாளில் எவ்வளவு எடை இழக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், அந்த நட்சத்திரம் கடைசியில் நியூட்ரான் நட்சத்திரமாகுமா, கருந்துளையாகுமா என்பது அமையும்.

மாசி, பங்குனி மாதங்களில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாருங்கள். மிகப் பிரகாசமாக இருப்பது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு நட்சத்திரங்கள் தெரியும். மேலே இருப்பது நாவோஸ். கீழே இருப்பது காமா வெலோரம். அங்கே இரண்டு பெரிய நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன; அவற்றின் காற்றுகள் மோதுமிடத்திலிருந்தும் எக்ஸ்-கதிர்கள் வருகின்றன.