மீன் முட்டையின் உறை

கரிசல் மண் சூழ்ந்த ஏழாயிரம்பண்ணைப் பகுதியில் மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். தமிழ்நாட்டுக் கண்மாய்களில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு முதலிய மீன்களின் முட்டை உருவாகும் முறை வியத்தற்குரியது.

தாய்மீனின் சினைப்பையில் தோன்றும் முட்டை முதலில் மிக நுண்ணியது. அதனைச் சூழ்ந்து சிறு உயிரணுக்கள் அடுக்காக அமைகின்றன. தாயின் ஈரலில் உண்டாகும் கருவுணவு, குருதியின் வழியே வந்து முட்டையிற் சேர்கிறது. அப்பொழுதே முட்டைக்கும் அவ்வணுக்களுக்கும் இடையே உறையொன்று படிந்து தடிக்கிறது. அவ்வுறையில் எண்ணற்ற நுண்துளைகள் உள. வளரும் முட்டைக்குச் சூழ்ந்துள்ள அணுக்களோடு தொடர்பு அவற்றின் வழியே நிகழ்கிறது. ஆயின், ஆண்மீனின் விந்தணு நுழைவதற்கு ஒரே ஒரு வாயில்தான் உண்டு. ஓர் அணு நுழைந்ததும் அவ்வாயில் அடைபடும். பின்னர் முட்டை நீரை ஈர்த்துப் பருக்கும். உறை இறுகிக் கருவைக் காக்கும்.

இம்மீன்கள் வெள்ளம் பெருகும் ஆறுகளில் முட்டையிடும் இயல்பின. தேங்கிய நீரில் முட்டைகள் முதிர்ந்தும் வெளிவாரா. தாயின் உடலிலேயே கரைந்துவிடும். ஆதலின், முற்காலத்தில் மீன்குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே பிடித்துவர வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டில் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும், மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி, குளத்து மீன்களை முட்டையிடச் செய்தனர். அம்முறை பரவியபின், ஆற்றுக்குத் தொலைவிலுள்ள கண்மாய்களிலும் பண்ணையிற் பிறந்த குஞ்சுகளை விட்டு வளர்த்தல் எளிதாயிற்று.