வண்டி முழுக்க ஒரே பேடா? பெயிண்டு போயிடும்... உஷார்!

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் போதும். ஆட்டோ, கால் டாக்சி, லோடு வண்டி என்று எல்லாம் வாட்டர் சர்வீஸ் வாசலில் வரிசை கட்டி நிற்கும். வண்டியைக் கழுவி, சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டால் ஒரு காலத்தில் வேலை முடிந்தது. இப்போது "அப்படியே மெஷின் பாலீஷும் போட்டுடுங்க" என்று கேட்கிறார்கள். இதனால் சின்னச் சின்ன சர்வீஸ் பட்டறைகளில்கூட பாலீஷ் மெஷின் வந்துவிட்டது.

மெஷின் வந்த அளவுக்கு, அதில் மாட்டும் பேடு பற்றிய விவரம் வரவில்லை என்பதுதான் சிக்கல். மெஷினோடு வந்த 7 இஞ்சு பேடை மாட்டி பானட், கதவு, பம்பர், மிரர் என்று எல்லா இடத்திலும் ஓட்டி விடுகிறார்கள். "பெருசா போட்டா சீக்கிரம் முடியும்" என்பது கணக்கு. ஆனால் ஓரத்தில் ஒரு இடத்தில் பெயிண்டு பிடுங்கிக் கொண்டால், அந்தக் கதவையே திரும்ப பெயிண்டு அடிக்க வேண்டும். அந்தச் செலவு பல நேரம் வேலை பார்த்த பையனின் கூலியில்தான் விழுகிறது. வண்டிக்காரருக்கோ இரண்டு நாள் சவாரி போச்சு!

முடியை விட மெல்லிசு

கார் பெயிண்டுக்கு மேலே பளபளப்புக்காக ‘கிளியர் கோட்' என்ற கண்ணாடி மாதிரி பூச்சு இருக்கும். பெரும்பாலான கார்களில் இது சுமார் 40 முதல் 50 மைக்ரான் கனம்தான். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதாவது, முடியை விட மெல்லிசு! பாலீஷ் போடுவது என்றால் இந்தப் பூச்சை இன்னும் கொஞ்சம் தேய்த்து, கீறலைச் சமப்படுத்துவது. தேய்த்தது திரும்ப வராது.

அதிலும் பானட் ஓரம், கதவு விளிம்பு, மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் பூச்சு இன்னும் மெல்லிசாக இருக்கும். பெரிய பேடு முதலில் கை வைப்பது இந்த இடங்களில்தான்.

50 கி.மீ. வேகம்

சாதாரண சுற்று மெஷினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். 7 இஞ்சு பேடின் விளிம்பு மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் பெயிண்டை உரசுகிறது. அதே மெஷின், அதே சுற்று, 3 இஞ்சு பேடு என்றால் விளிம்பு வேகம் சுமார் 21 கி.மீ.தான்.

பரந்த பானட்டில் அந்த 50 கி.மீ. வேகம் லாபம். வேலை சீக்கிரம் முடியும். கைப்பிடி பக்கமோ, மிரர் வளைவிலோ பேடின் ஒரு நுனி மட்டும் உரசும்போது அதே வேகம் பெயிண்டைச் சுட்டுவிடும்.

எந்த இடத்துக்கு எது?

பானட், ரூஃப், டிக்கி மூடி, வேன் பக்கவாட்டுத் தகடு: 6 முதல் 7 இஞ்சு.

கதவு, மட்கார்டு: 5 அல்லது 5½ இஞ்சு.

பம்பர், மிரர், கைப்பிடி ஓரம், கண்ணாடிக்கு நடுவில் உள்ள தூண், பைக் டேங்க்: 3 இஞ்சு.

எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரே ஒரு சோதனை போதும். மெஷினை ஆன் செய்யாமல் பேடை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பேடு முழுசும் தகட்டில் படிந்து உட்கார்ந்தால் அது சரியான சைஸ். பாதி அந்தரத்தில் தொங்கினால் சின்னதுக்கு மாறுங்கள்.

கையில் காசு குறைவாக இருக்கிறது, ஒரு சைஸ்தான் வாங்க முடியும் என்றால் 5½ இஞ்சில் மூன்று, நாலு பேடு வாங்கலாம். பெரிய இடத்தில் கொஞ்சம் நேரம் கூடும். ஆனால் ஆபத்து குறைவு. அடுத்து காசு வரும்போது 3 இஞ்சும், அதற்கு ஏற்ற தட்டும் வாங்கலாம்.

தட்டையும் பாருங்க

பேடு ஒட்டும் பின் தட்டு, பேடை விட சின்னதாக இருக்க வேண்டும். 5 இஞ்சு தட்டுக்கு 5½ இஞ்சு பேடு, 6 இஞ்சு தட்டுக்கு 6½ இஞ்சு பேடு சரியாக வரும். தட்டும் பேடும் ஒரே சைஸ் என்றால், லேசாகச் சாய்ந்தாலே தட்டின் கெட்டி விளிம்பு பெயிண்டில் இடித்துக் கோடு போட்டுவிடும். தட்டு ரொம்ப சின்னதாகப் போனால் பேடின் ஓரம் படபடவென்று ஆடும்.

தட்டு வாங்கும்போது மரையையும் பார்க்க வேண்டும். 14 எம்.எம். மரையும் உண்டு, 5/8 இஞ்சு மரையும் உண்டு. மாற்றி வாங்கினால் மாட்டாது.

சுற்றிக்கொண்டே அதிரும் ‘டூயல் ஆக்ஷன்' மெஷின் என்றால் இன்னொரு விஷயம். 15 எம்.எம். வீச்சு மெஷினுக்கு 5 முதல் 5½ இஞ்சு, 21 எம்.எம். வீச்சுக்கு 6 முதல் 6½ இஞ்சு பேடு பொருந்தும். அதற்கு மேல் போட்டால் பேடு சுற்றாமல் வெறுமனே அதிரும். தட்டின் மேல் மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைத்தால், பேடு சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியும். பொருந்தாத தட்டைப் போட்டால் அதிர்வு கூடி, சாயங்காலம் கை மரத்துப் போகும்.

சின்னதும் சுடும்

"சின்ன பேடுதானே" என்று அலட்சியமும் கூடாது. 7 இஞ்சு பேடின் பரப்பு, 3 இஞ்சு பேடை விட 5 மடங்குக்கும் அதிகம். அதே பலத்தில் சின்ன பேடை அழுத்தினால் மொத்த அழுத்தமும் சின்ன இடத்தில் இறங்கும். பிளாஸ்டிக் பம்பர் தகடு மாதிரி சூட்டைப் பரப்பாது. பெயிண்டு பொங்கிவிடும். எனவே லேசாகப் பிடித்து, நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. வெயிலில் நிறுத்தி பாலீஷ் போடவே கூடாது.

கிரைண்டர் வேண்டாம்

சிலர் இரும்பு அறுக்கும் 4 இஞ்சு கிரைண்டரில் பேடை மாட்டுகிறார்கள். அது நிமிடத்துக்கு 11 ஆயிரம் சுற்று வரை ஓடும். பாலீஷுக்கு 1,200 முதல் 1,500 சுற்றே தாராளம். அந்த வேகத்தில் பெயிண்டு எரியும். பேடு பிய்ந்து முகத்தில் அடிக்கும். கண் போனால் எந்த ஓனரும் திருப்பித் தர முடியாது.

வண்டி ஓனர்களும் சாவியைக் கொடுக்கும் முன்பு, "பம்பருக்கும் மிரருக்கும் சின்ன பேடு வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லை என்று சொன்னால், "அந்த இடத்தை மட்டும் கையால போட்டுடுங்க" என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் பெயிண்டு தப்பிக்கும். பையன் கூலியும் தப்பிக்கும்.