ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: வண்டலூரில் பிறந்த காருக்கு 'விண்டேஜ்' பதிவு எடுப்பது லாபமா?

பழைய கார் என்றாலே அம்பாசடர், பத்மினி என்று இரண்டு பெயர்தான் நம் வாயில் வரும். ஆனால் 1960களில் இந்தியாவில் புது கார் வாங்கப் போனவர் முன்னால் இருந்தது மூன்று. கல்கத்தா பக்கம் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

அந்த மூன்றாவது கார் அநேகமாக எல்லாமே இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டன. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி அவை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யத் தகுதியானவை. செய்யலாமா, வேண்டாமா என்பதுதான் வைத்திருப்பவர்களின் கேள்வி.

ஏன் மூன்றே கார்கள்?

வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று, 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

ஹெரால்டில் என்ன விசேஷம்?

இதன் மூலம், 1959இல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. கூர்மையான விளிம்புகள், சின்ன வால் இறக்கை, மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள். அம்பாசடரின் தொப்பை உடம்புக்கு நேர் எதிர்.

உள்ளே இருப்பது இன்னும் சுவாரஸ்யம். அந்தக் காலத்தில் மற்ற கார்கள் பாடியும் சட்டமும் ஒன்றாக இருக்கும் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டதால், ஹெரால்டு பழைய முறைக்கே திரும்பியது: தனி சேஸி, அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் பாடித் துண்டுகள். வேறு வழியில்லாமல் எடுத்த இந்த முடிவுதான் பிறகு வரமானது. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். பானெட் தனியாகத் திறக்காது; முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் காரைத் திருப்பிவிடலாம் என்பது அன்றே பெரிய விளம்பரம்.

இந்தியாவில் என்ன மாறியது?

பிரிட்டனில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான். இங்கே அது எடுபடுமா? குடும்பத்தோடு போகிற வண்டியில் பாட்டி பின்சீட்டுக்கு எப்படி ஏறுவார்? 1968இல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இந்தியாவில் மட்டும்.

அடுத்தது பின் ஆக்சில். ஹெரால்டில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். சுமை ஏறினால் மேல்பக்கம் உள்ளே சாயும், அடிப்பக்கம் வெளியே விரியும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நம்ம ஊர் சுமைக்கும் ரோட்டுக்கும் இது ஒத்துவரவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972இல் வந்த 'கஸெல்' காரில் அதைத் தூக்கிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சிலை வைத்தார்கள். எஞ்சின் அதே 948 சிசி. 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் ஓடி நின்றது.

50 வயதானால் என்ன கிடைக்கும்?

விதியில் சொல்லப்படும் 50 ஆண்டு, முதல் பதிவுத் தேதியிலிருந்து எண்ணப்படுவது. அப்படிப் பார்த்தால் கஸெல்கள் 2022 முதல் 2027 வரை ஒவ்வொன்றாகத் தகுதி பெறுகின்றன. இருசக்கர வாகனங்களுக்கும் இதே விதி, ஆக பழைய புல்லட் வைத்திருப்பவர்களும் கவனிக்கலாம்.

பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலக் குழு வண்டியைப் பார்த்து ஒப்புதல் தரும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் காலத்து எண் மேல் பாசம் உள்ளவர்களுக்கு நிம்மதி.

செலவைக் கணக்குப் போட்டால், விண்டேஜ் பதிவுக்கு முதல்முறை ரூ. 20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். அடுத்த முறை ரூ. 5,000. சாதாரணப் பதிவிலேயே இருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆனது. முதல் பத்து ஆண்டில் இரண்டும் சமம். அடுத்த பத்தில் ஒன்று 5,000, மற்றது 20,000. எஃப்சி, பசுமை வரி, இன்சூரன்ஸ் இதில் சேர்க்கவில்லை.

அப்போ விண்டேஜ்தான் லாபமா? அவசரப்படாதீங்க. அந்தப் பதிவு எடுத்த காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் வணிகப் பயன்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர வைத்திருப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது.

'அசல் வடிவம்' என்றால்?

சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது விதி. அதே மாதிரி துண்டை மாற்றிப் பூட்டுவது ரிப்பேர். மைலேஜுக்காக வேறு எஞ்சின் ஏற்றியது நிச்சயம் மாற்றம். என் பார்வையில், ஹெரால்டு வைத்திருப்பவருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை இதுதான். நிறுவனம் 1988இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. மிச்ச சொத்துகள் 2006இல் ஏலம் போயின. அதிலிருந்த கடைசி மாடலான ஸ்டாண்டர்ட் 2000இன் உதிரிபாகங்களில் பெரும்பகுதியை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிக்கொண்டு போனது.

எல்லையோர ஊர்களில் இன்னொரு சிக்கல். வேலூரில் பதிவான காரை வாங்கி குடிபாலாவில் நிறுத்தியிருந்தால், 12 மாதத்துக்கு மேல் போனதும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆந்திரப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று வாங்கணும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்சி புத்தகத்தை வாங்கி, முதல் பதிவுத் தேதி, சேஸி எண், எஞ்சின் எண் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.