தூயநீரும் துருப்பிடிக்கா எஃகும்

உப்போ அமிலமோ கலவாத தூயநீரில் துருப்பிடிக்கா எஃகு விரிசல் காணுமா? காணும் என்பதை 1974இல் அமெரிக்காவின் டிரெஸ்டன் அணுமின் நிலையம் உணர்த்தியது. கொதிநீர் உலையின் 4 அங்குலக் குழாய்களில், பற்றவைப்புகளின் ஓரத்தில் விரிசல்கள் தென்பட்டன. உள்ளே ஓடுவதோ கதிரியக்க நீர்! 1975 ஜனவரியில் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 23 உலைகளை நிறுத்திச் சோதிக்கப் பணித்தது.

இவ்வெஃகைக் காப்பது, அதிலுள்ள சுமார் 18 விழுக்காடு குரோமியம் போர்த்தும் ஆக்சைடுப் படலமே. எஃகு நுண்மணிகளின் கூட்டு என்பதை நாம் அறிவோம். பற்றவைக்கையில் 500 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சூடேறும் பகுதியில், மணிகளின் எல்லையில் கரிமம் குரோமியத்தைக் கவர்ந்து கார்பைடாகிறது. எல்லையோரம் குரோமியம் குன்றிக் காவலிழக்கிறது. பற்றவைப்பு ஆறிச் சுருங்குவதால் இழுவிசையும் உள்ளே தங்கிவிடுகிறது.

எஞ்சியது நீர். ஏறத்தாழ 288 பாகையிலுள்ள நீரைக் கதிர்வீச்சு பிளக்க, பத்து இலட்சத்தில் சுமார் 0.2 பங்கு ஆக்சிஜன் சேர்கிறது. இத்துணைச் சிறிய அளவே போதும் என்பதுதான் நம்மை வியக்கவைப்பது. மூன்றும் கூடியவிடத்தில் விரிசல் மணிகளின் எல்லைவழியே ஊர்கிறது.

ஆகவே கரிமம் குறைந்த எஃகினைத் தேர்ந்தனர். நீரில் ஹைட்ரஜன் கலந்து ஆக்சிஜனை ஒடுக்கினர். ஆயினும், கடுமையாகக் கடையப்பெற்ற மேற்பரப்பிலிருந்து குறைகரிம எஃகும் விரிசல் காண்பது 2000க்குப் பின் ஜப்பானிய உலைகளில் தெரியவந்தது.