மினிவேனின் கியர் பெட்டியும் குடும்பத்தின் பணப் பெட்டியும்

1983-ஆம் ஆண்டு இறுதியில் கிரைஸ்லர் கம்பெனியார் டாட்ஜ் காரவான், பிளிமத் வாயேஜர் என்ற இரண்டு பெயர்களில் ஒரே விதமான வண்டியைக் கனடாவின் வின்ட்ஸர் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நாலு வருஷங்களுக்கு முன் அமெரிக்க சர்க்கார் 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நிற்க முன்வந்திராவிட்டால் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோயிருக்கக்கூடிய ஸ்தாபனம் அது. ஃபோர்டு கம்பெனியில் இத்தகைய வண்டி என்ற யோசனைக்கு ஆதரவு கிடைக்காமற்போய், பிறகு அங்கிருந்து வெளியேற்றப்பட்ட லீ அயகோக்காவும் ஹால் ஸ்பெர்லிக்கும், காரைப் போல ஓட்டலாம், வீட்டு கராஜுக்குள் அடங்கும், பக்கவாட்டில் நகரும் கதவைத் திறந்தால் ஏழு பேர் சௌகரியமாக ஏறி உட்காரலாம் என்னும்படியாக அதை அமைத்திருந்தார்கள். முதல் வருஷத்திலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. குழந்தை குட்டிகளுடன் இருக்கும் நடுத்தர வர்க்கத்தார் அதற்கு முன் பெரிய ஸ்டேஷன் வாகன்களுக்குக் கொடுத்திருந்த இடத்தை இந்த மினிவேன் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது.

சிறிய காருக்கென்று உருவான முன்சக்கர இயக்கத்தை ஆதாரமாகக் கொண்டே இந்தப் பெரிய கூண்டு கட்டப்பட்டது என்பதைப் பின்வரும் கதைக்கு முன்னுரையாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கியரைக் கையால் மாற்றியே பழகிய நம்மவர்களுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியின் உள் விவகாரம் சற்றுப் புதியது. காலடியில் கிளட்ச் மிதி கிடையாது. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டையான கலத்துக்குள் எண்ணெய் சுழன்று, அந்தச் சுழற்சியினாலேயே சக்தி கடத்தப்படுகிறது. பெட்டிக்குள் அடுக்கடுக்காக அமைந்த கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் விடுவிப்பதும் அதே எண்ணெய்தான். பல்சக்கரங்களுக்கு வழவழப்புக் கொடுப்பதும், உராய்வினால் உண்டாகும் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போய் முன்புற ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்புவதும் அதுவேதான். ஆகையால் எண்ணெய் கெட்டால் பெட்டி கெட்டது. எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் உஷ்ணம். ஏழு பேரும் அவர்களுடைய மூட்டை முடிச்சும், கோடை விடுமுறையானால் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரும், ஏறவேண்டிய மலைச் சாலையும் சேர்ந்தால் அந்த உஷ்ணத்துக்குக் குறைவேது?

ஆரம்பத்தில் வந்த கிரைஸ்லர் வேன்களில் டார்க்ஃபிளைட் பரம்பரையைச் சேர்ந்த மூன்று கியர் பெட்டி இருந்தது. 1956 முதல் பெயர் பெற்ற அந்தப் பரம்பரை, நாகரிகம் குறைந்தாலும் உழைப்பில் குறை வைக்காதது. பெட்ரோல் சிக்கனத்துக்கு நாலாவது கியர் ஒன்று அவசியமாகவே, 1989-ஆம் வருஷத்து மாடலில் ஏ-604 என்னும் புதுப் பெட்டியை 'அல்ட்ராடிரைவ்' என்ற ஆடம்பரப் பெயருடன் கம்பெனியார் அறிமுகம் செய்தனர். கியர் மாற்றங்களை முழுவதும் கம்ப்யூட்டரே நிர்வகிக்கும் என்பதும், தட்டுகள் தேயத் தேய அந்தத் தேய்மானத்துக்குத் தக்கபடி அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதும் அக்காலத்தில் மெய்யாகவே வியக்கத்தக்க சாதனைகள். ஆனால் வியப்பு அடங்குவதற்கு முன்பே புகார்கள் கிளம்பிவிட்டன. கியர் விழாமல் வழுக்குவது, வேகமாகப் போகும்போது வண்டி குலுங்குவது, திடீரென்று இரண்டாவது கியரிலேயே பிடிவாதமாக நின்றுவிடுவது என்று பலவிதமாக அவை வந்தன. இந்தக் கடைசி விஷயம் உண்மையில் வியாதியன்று, தற்காப்பு. கோளாறு கண்டதும் கம்ப்யூட்டர் மின்சாரத்தைத் துண்டித்து, வண்டியை எப்படியாவது வீடு சேர்ப்பதற்காக அந்த ஒரே கியரைப் பாக்கி வைக்கிறது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள். இருந்தாலும் நெடுஞ்சாலையில் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து செல்லும் தாயாரிடம் இது உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொன்னால் அவர் சமாதானம் அடையப் போவதில்லை.

இந்த விபரீதத்தில் எண்ணெய்க்கு இருந்த பங்கு அலாதியானது. ஏ-604 பெட்டிக்கு உகந்தது 7176 என்ற இலக்கமிட்ட கிரைஸ்லரின் சொந்த எண்ணெய். அது கிடைக்காவிட்டால் ஜெனரல் மோட்டார்ஸ் வகையான டெக்ஸ்ரானை ஊற்றிக்கொள்ளலாம் என்று வண்டியுடன் வந்த கைப்புஸ்தகமே அனுமதித்திருந்தது. டெக்ஸ்ரான் எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்கு. ஜனங்கள் தாராளமாக ஊற்றினார்கள். இரண்டு எண்ணெய்களின் உராய்வு குணமும் வேறு வேறானதால் கிளட்ச் தட்டுகள் நடுங்கித் தேய்ந்தன. கம்பெனியார் பல வருஷங்கள் உள் உறுப்புகளைத் திருத்திக்கொண்டே வந்து, பிற்காலத்தில் பெட்டியின் பெயரையும் 41டிஇ என்று மாற்றி, 1990-களின் இறுதியில் ஏ.டி.எஃப். பிளஸ் 4 என்ற உயர்ந்த எண்ணெயையும் கொண்டு வந்தார்கள். முதிராத பொருளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வாங்கினவர்களின் செலவிலேயே பரீக்ஷை நடத்துவது நியாயமான வியாபாரம் ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கக் கம்பெனிக்குத்தான் இந்தத் தலையெழுத்து என்று எண்ணிவிட வேண்டாம். நம்பகத்துக்குப் பேர்போன ஹோண்டா, 1999-ஆம் வருஷத்து மாடலில் 210 குதிரைச் சக்தி கொண்ட இஞ்சினுடன் பெரிய ஒடிஸி வேனை வெளியிட்டபோது, நாலு கியர் பெட்டி அந்தச் சுமையைத் தாங்கவில்லை. 1999 முதல் 2001 வரையிலான மாடல்களுக்கு உத்தரவாதத்தை ஏழு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்ட வேண்டியதாயிற்று. பின்னர் வந்த ஐந்து கியர் பெட்டியிலோ இரண்டாவது கியரில் உஷ்ணம் மிகுந்து, பல் உடைந்து, பெட்டி இறுகிப்போகும் அபாயம் தெரிந்தது. 2004 ஏப்ரலில் ஒடிஸியையும் அதே வகைப் பெட்டி கொண்ட வேறு கார்களையும் சேர்த்து ஏறக்குறைய 11 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்தக் கியரின் மேல் எண்ணெய் பீய்ச்சும்படி ஒரு குழாய் திருத்தம். அதற்கு மேல் ஓடியிருந்தால் உஷ்ணத்தால் நிறம் மாறியிருக்கிறதா என்று சோதித்து, மாறியிருந்தால் பெட்டியையே மாற்றுவது. அங்கும் பரிகாரம் எண்ணெய் வழியாகவே வந்தது என்பதைக் கவனிக்கலாம்.

இனிச் செலவைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவில் பெட்டியை முழுவதும் கழற்றிப் புதுப்பிப்பதற்குச் சுமார் 2,500 டாலரிலிருந்து 5,000 டாலர் வரையில், சில வண்டிகளுக்கு அதற்கு மேலும் ஆகும். இதில் பெரும்பங்கு கூலி. உடைந்த வண்டிகளின் கிடங்கிலிருந்து பழைய பெட்டியை வாங்கிப் பொருத்துவது மலிவுதான். ஆனால் அது எவர் கையில் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய வழியில்லை. மாறாக, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவதற்கு இருநூறு முந்நூறு டாலர் போதும். எண்ணெயின் போக்குவரத்தை ஆளும் சோலனாய்டுகளோ வேக சென்ஸாரோ கெட்டிருந்தால் சில நூறு டாலருடன் விஷயம் தீர்ந்துவிடும். சங்கடம் என்னவென்றால் சென்ஸார் கோளாறும் தட்டுகள் தேய்ந்த கோளாறும் ஓட்டுகிறவருக்கு ஒரே மாதிரியாகத் தோன்றலாம். லிம்ப் மோடில் விழுந்த வண்டிக்கு 'பெட்டி போய்விட்டது' என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறுகிற பட்டறைக்காரரை நான் நம்பமாட்டேன். 1996 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் கார்களில் கோளாறின் குறியீட்டைக் கருவி வைத்துப் படிக்கும் வசதி கட்டாயம். முதலில் குறியீட்டைப் படித்து, எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் பார்த்து, தீய்ந்த நாற்றமோ உலோகத் துகளோ இருக்கிறதா என்று அறிந்த பிறகுதான் திருகாணியில் கை வைக்க வேண்டும்.

வண்டியே 4,000 டாலர் பெறாதபோது அதற்கு 4,000 டாலர் செலவிடுவது மதியீனம் என்று பலரும் சொல்லுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விற்றால் என்ன கிடைக்கும் என்பதைவிட, அதற்குப் பதில் வாங்கப் போகும் வண்டிக்கு மாதாமாதம் எத்தனை வருஷம் தவணை கட்ட வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இஞ்சினும் கீழ்ச் சட்டமும் திடமாக இருந்து, துரு ஏறாமலும் இருந்தால், எழுதிக் கொடுத்த உத்தரவாதத்துடன் பெட்டியைப் புதுப்பிப்பதே லாபம். பனிக்காலத்து உப்பு கீழ்ப்பாகத்தை அரித்துவிட்ட வண்டியானால் ஒரு டாலர்கூட அதிகந்தான்.

நியூ ஜெர்ஸியிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒடிஸியும் டொயோட்டா ஸியன்னாவும் சகஜமாகிவிட்டபடியால் இறுதியாக அவர்களுக்குச் சில வார்த்தைகள். திரும்ப அழைக்கப்பட்ட குறையானால் கட்டணமின்றித் திருத்தித் தருவது கம்பெனியின் கடமை. வண்டியின் 17 எழுத்து எண்ணைக் கொண்டு அதை முதலில் விசாரித்துவிடலாம். கலிஃபோர்னியாவில் செலவு மதிப்பீட்டை எழுத்து மூலம் கொடுத்துச் சம்மதம் பெறாமல் பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு, ஆனால் வேலை கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்து பணம் கட்டும் சமயத்தில், பெட்டியில் எந்த ரக எண்ணெய் ஊற்றப்பட்டது என்று விசாரித்து, அந்தப் பெயரையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.